மேட்டு நிலத்தில் ஒரு முலாம் தொட்டி

ஃபைபர் படகின் உடலை உப்புத்தண்ணீர் அரிப்பதில்லை. அதில் பொருத்திய கைப்பிடி, கயிறு கட்டும் கொம்பு, விளக்கின் வளையம் என்று குரோம் பூசிய உறுப்புகள்தான் முதலில் புள்ளிவைத்து, கொப்புளம் கிளம்பி உரியும். அந்தப் பளபளப்பை மீட்கும் வேலைக்குப் பின்னால் ஒரு முழு விஞ்ஞானம் இருக்கிறது. இந்தியாவில் அதையும் ஆராய எழுந்த ஆய்வகம் காரைக்குடியில், கடல் கண்ணில் படாத செம்மண் மேட்டில் இருக்கிறது.

பூம்புகாரைக் கடல் கொண்டபின் மேட்டு நிலம் தேடி வந்து குடியேறியவர்கள் நாங்கள் என்பது, காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டின் வணிகச் சமூகமான நகரத்தார் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. ஆனால் அவர்களுடைய செல்வம் கடல் வழியாகவே வந்தது. பர்மா தேக்கு, பர்மிங்காம் வார்ப்பிரும்புத் தூண், எனாமல் பாத்திரம் எல்லாம் கப்பலேறி வந்து செட்டிநாட்டு வீடுகளை நிறைத்தன. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்த வரவு முறிந்தது. வீடுகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டபோது பித்தளைப் பூட்டும் பிடியும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன.

செல்வம் சரிந்த அதே பத்தாண்டில்தான் கோட்டையூரில் 1909இல் பிறந்த அழகப்பச் செட்டியார், தம் பணத்தைக் கல்வியின் பக்கம் திருப்பினார். பாரிஸ்டர் படிப்பு, விமானம் ஓட்டும் பயிற்சி, ஜவுளி ஆலை என்று பல துறை கண்ட மனிதர். 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியவர், தேசிய ஆய்வகம் ஒன்றும் இங்கே வரவேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் என்பதன் நீண்ட ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ஊர் மக்கள் ‘சிக்ரி’ என்கிறார்கள். தொழிற்சாலைகள் சூழ்ந்த ஒரு பெருநகரத்தை விட்டு இந்த ஊருக்கு அது வந்தது ஒரு தனிமனிதரின் பிடிவாதத்தால் என்றே சொல்ல வேண்டும்.

குரோம் முலாம் அப்போது புதுத் தொழில். 1920களின் நடுவில்தான் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க் குழுவினர் அதை வணிக அளவில் செய்யும் வழியைக் கண்டார்கள். குரோமிக் அமிலத்தில் சிறிதளவு கந்தக அமிலம் சேர்த்து மின்சாரம் செலுத்தினால் வெள்ளி நிறத்தில் நீலம் ஓடும் படலம் ஏறும். அழகுக்காகப் பூசும் அந்தப் படலம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. நுண்ணிய வெடிப்புகளும் அதில் உண்டு. துரு ஏறாமல் காப்பது அதன் அடியில் இருக்கும் நிக்கல். நிக்கல் பிடித்து நிற்பது செம்பின் மேல்.

ஆகவே, பழைய படகின் கொம்பைத் தேய்த்து மேலே குரோம் ஏற்றினால் மட்டும் போதாது. குரோமையும் நிக்கலையும் கரைத்தெடுத்து, உலோகத்தைத் துலக்கி, குழிகளைச் செம்பால் நிரப்பி, பஃபிங் சக்கரத்தில் மட்டமாக்கி, மறுபடி நிக்கல், அதன்மேல் குரோம் என்று போக வேண்டும். செலவில் பெரும்பங்கு தேய்ப்பு வேலைக்கே போகும். துத்தநாக வார்ப்பாக இருந்தால் அமிலத்தில் உடலே கரைந்துவிடும். பித்தளை, வெண்கலம் என்றால் நம்பிக்கையோடு தொடலாம்.

சிக்ரிக்கு முலாம் பல வேலைகளில் ஒன்று. மின்கலமும் அரிமானமும் அங்கே பெரும் துறைகள். உப்புக்காற்றைக் காரைக்குடியில் வரவழைக்க முடியாதே! அதனால் அரிமான ஆய்வுக்கென்று மண்டபம் கடற்கரையில் ஒரு நிலையம் அமைத்தார்கள். 1914 முதல் ரயில் கடந்த பாம்பன் பாலத்துக்கு அருகில், இரும்பைத் தின்னும் அதே காற்றில், உலோகத் தகடுகளை வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். கட்டடக் கம்பிகளைத் துருவிலிருந்து காக்கும் சிமென்ட் குழம்புப் பூச்சும் சிக்ரி தந்ததே.

பழைய குரோம் தொட்டிக்கு ஒரு கொடிய பக்கம் உண்டு. அதிலுள்ள ஆறு இணைதிறக் குரோமியத்தின் ஆவி நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும். தொட்டியருகே நின்றவர்களின் உடலைக் கணக்கில் எடுக்காத பளபளப்பை எவரும் பெருமையாகப் பேசக் கூடாது. மூன்று இணைதிறக் குரோமியம் அதைவிடப் பாதுகாப்பானது. நிறம் மட்டும் சற்று மங்கல். ஒரு படகில் ஒரு கொம்பைப் புது முறையிலும் மற்றதைப் பழைய முறையிலும் பூசினால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். புதுப்பிக்க முனைபவர்கள் எல்லா உறுப்புகளையும் சேர்த்து ஒரே தொட்டியில் இறக்குவதே நல்லது.