இயக்கத் தண்டு மாற்றம்: ஃபோர்டு மஸ்டாங் கார்களில்

எஞ்சின் முன்புறமும் இயங்கு சக்கரங்கள் பின்புறமும் அமைந்த கார்களில், கியர் பெட்டியிலிருந்து வெளிவரும் சுழல் விசையைப் பின் அச்சிலுள்ள டிஃபரென்ஷியலுக்குக் கொண்டுசேர்க்கும் நீண்ட குழாய் வடிவ உறுப்பு இயக்கத் தண்டு எனப்படும். பட்டறை வழக்கில் இது புரொபெல்லர் ஷாஃப்ட் என்றும் ஜாயிண்ட் ஷாஃப்ட் என்றும் வழங்கும். எஞ்சின் திறனைக் கூட்டிக்கொள்ளும் கார் ஆர்வலர்கள், தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட தண்டை நீக்கிவிட்டு, வேறு நிறுவனங்கள் தயாரிக்கும் வலுவான தண்டைத் தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே பொருத்திக்கொள்வது அமெரிக்காவில் பரவலான வழக்கமாகும். 2005 முதல் 2014 வரை வெளிவந்த ஃபோர்டு மஸ்டாங் ஜிடி கார்கள் இம்மாற்றத்துக்குப் பெரிதும் உட்படுபவை.

அமைப்பும் காரணமும்

இக்கார்களில் தொழிற்சாலை பொருத்திய தண்டு எஃகாலானது. இரண்டு துண்டுகளாக அமைந்து, நடுவில் காரின் அடித்தளத்தோடு போல்ட்டால் பிணைக்கப்பட்ட சென்டர் பேரிங்கால் தாங்கப்படுவது. ஏறத்தாழ 17 கிலோ எடையுள்ளது. இதற்கு மாற்றாக விற்கப்படும் ஒற்றைத் துண்டு அலுமினியத் தண்டு ஏறத்தாழ 9 கிலோ எடையுள்ளது.

தண்டை இரண்டாகப் பிரித்ததற்குத் தக்க காரணம் உண்டு. சுழலும் எந்தத் தண்டுக்கும், அதன் நடுப்பகுதி வில்போல் வளைந்து கட்டுக்கடங்காமல் அதிரத் தொடங்கும் ஒரு சுழற்சி வேகம் இருக்கிறது. அது மாறுநிலை வேகம் எனப்படும். இவ்வேகம் தண்டின் விட்டத்துக்கு நேர் விகிதத்திலும், நீளத்தின் இருபடிக்கு எதிர் விகிதத்திலும் அமைவதால், நீளத்தைப் பாதியாக்கினால் மாறுநிலை வேகம் நான்கு மடங்காக உயர்கிறது. 3.55 என்ற பின் அச்சு விகிதம் கொண்ட மஸ்டாங் மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதன் இயக்கத் தண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,500 முறை சுழல்கிறது என்பதை நோக்கினால், இந்த வரம்பு எவ்வளவு முக்கியமானது என்பது விளங்கும்.

அலுமினியம் எஃகைவிட மாறுநிலை வேகத்தை உயர்த்தும் என்று பலர் கருதுவது சரியன்று. இரு உலோகங்களிலும் மீள்தன்மைக் கெழுவுக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ ஒன்றே ஆதலால், ஒரே அளவுள்ள எஃகுக் குழாயும் அலுமினியக் குழாயும் ஏறக்குறைய ஒரே மாறுநிலை வேகத்தையே பெறுகின்றன. அலுமினியத்தின் உண்மையான நன்மை, எடையைக் கூட்டாமலேயே குழாயின் விட்டத்தைப் பெரிதாக்க அது இடம் தருவதில் உள்ளது. கார்பன் இழைத் தண்டுகளில் அவ்விகிதமே உயர்வாக இருப்பதால் அவை இன்னும் அதிக வேகத்தைத் தாங்குகின்றன. ஆயினும் அவற்றின் விலை மிக அதிகம்.

எடை பாதியாகக் குறைவதால் கார் பெருமளவு விரைவாகப் பாயும் என்ற எதிர்பார்ப்பும் மிகையானதே. சுழல் நிலைமம் நிறையையும் ஆரத்தின் இருபடியையும் பொறுத்தது. புதிய தண்டு எடையில் குறைந்தாலும் விட்டத்தில் பெரியதாக இருப்பதால், நிலைமத்தில் ஏற்படும் மாற்றம் சிறிதே. நடுப் பேரிங்கும் அதன் ரப்பர்த் தாங்கியும் நீங்குவதும், முறுக்கு விசையைத் தாங்கும் வலிமை கூடுவதுமே இம்மாற்றத்தின் தலையாய பயன்கள்.

மூட்டும் கோணமும்

தண்டின் முனைகளில் உள்ள யுனிவர்சல் ஜாயிண்ட், சிலுவை வடிவத் துண்டொன்றின் நான்கு முனைகளிலும் ஊசி பேரிங்குகளைக் கொண்டது. இவ்வகை மூட்டைக் கார்களுக்கு ஏற்றவாறு அமைத்து 1903-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர். மூட்டு வளைந்த நிலையில் சுழலும்போது, உள்வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளிச்செல்லும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூடிக் குறைகிறது. இரு முனைகளிலும் கோணங்கள் சமமாக இருந்து, கியர் பெட்டியின் அச்சும், தண்டின் சுழற்சியைப் பின் அச்சில் ஏற்கும் பினியன் பற்சக்கரத்தின் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக அமைந்தால், ஒரு மூட்டில் எழும் ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடுசெய்துவிடும்.

சான்றாக, கியர் பெட்டியும் பினியனும் தலா 3 பாகை ஒரே திசையில் சாய்ந்திருக்க, தண்டு 1 பாகை மட்டும் அதே திசையில் சாய்ந்திருந்தால், இரு மூட்டுகளிலும் 2 பாகைக் கோணம் அமைந்து அதிர்வு நீங்குகிறது. முன்முனையில், வேக ஏற்ற இறக்கமின்றிச் சுழலும் சீர்வேக மூட்டு பொருத்தப்பட்ட தண்டுகளில் இவ்வாறு ஈடுசெய்ய வழியில்லை. ஆகவே பின்முனைக் கோணத்தையே மிகச் சிறியதாக வைக்க வேண்டும். இந்த மஸ்டாங்கின் பின் அச்சு ஒரே திரளான திட அச்சு ஆதலால், வேகம் கூட்டும்போது பினியனின் முனை மேல்நோக்கி எழுகிறது. அதற்கு இடமளிக்கும் வகையில் முனையைச் சற்றுக் கீழ்நோக்கி வைப்பதற்கு, நீளத்தை மாற்றக்கூடிய மேல் இணைப்புக் கரம் பயன்படுகிறது.

பொருத்தும் முறை

சமமான சிமெண்டுத் தரையில் காரை நிறுத்தி, நான்கு ஸ்டாண்டுகளின் மீது உறுதியாக அமர்த்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைவது உயிருக்கே ஆபத்து. பின்புற ஸ்டாண்டுகளைப் பின் அச்சின் கீழ் வைத்தால், கார் சாலையில் நிற்கும் அதே நிலையில் சஸ்பென்ஷன் அமைந்து, கோணங்களைச் சரியாக அளக்க முடியும். பழைய தண்டைக் கழற்றும் முன், ஒவ்வொரு முனையிலும் தண்டும் அது போல்ட்டால் பிணைக்கப்படும் விளிம்புத் தட்டும் (ஃபிளாஞ்ச்) சேரும் இடத்தில் பெயின்டால் கோடிட்டுக்கொள்வது, பின்னர் அதே தண்டைத் திரும்பப் பொருத்த நேர்ந்தால் பழைய சமநிலை கெடாதிருக்க உதவும்.

கைப்பிரேக்கைப் போட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, பின்னர் அதனை விடுவித்துத் தண்டைச் சுழற்றி அடுத்த போல்ட்டை எட்ட வேண்டும். நடுப் பேரிங்கின் போல்ட்டுகளை எடுக்கும்போது இரண்டாம் ஆள் ஒருவர் தண்டைத் தாங்கிக்கொள்வது நல்லது. தொங்கவிட்டால் மூட்டுகள் அளவுக்கு மீறி வளைந்து பழுதாகும். பினியனின் நடுநட்டைத் தொடவே கூடாது. அது பேரிங்குகளின் முன்னழுத்தத்தை நிர்ணயிப்பதாகும்.

விளிம்புத் தட்டுகளின் முகத்தில் உள்ள துருவையும் பழைய பசையையும் கம்பித் தூரிகையால் முழுதும் நீக்க வேண்டும். அங்கே தங்கும் சிறு துகளும் தண்டை மையத்திலிருந்து விலக்கி அதிரச் செய்யும். பின்னர் இணைப்புத் தட்டுகளையும் புதிய தண்டையும் பொருத்தி, புதிய போல்ட்டுகளில் பூட்டுப் பசையிட்டு, தயாரிப்பாளர் தரும் அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் எதிரெதிராக இறுக்க வேண்டும். நீளம் மாறும் நழுவு மூட்டு முற்றிலும் உள்ளடங்காமலும் மிகையாக வெளிவராமலும் இருப்பதையும், சைலன்சர் குழாயும் அடித்தளமும் தண்டில் உரசாமல் இருப்பதையும் கையால் சுழற்றிப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

சோதனையும் பாதுகாப்பும்

ஓட்டிப் பார்க்கும்போது தோன்றும் அதிர்வு, எந்தக் கியரில் ஓட்டினாலும் ஒரே சாலை வேகத்தில் எழுமாயின், அதன் காரணத்தை எஞ்சினில் தேடாமல் தண்டிலோ சக்கரங்களிலோ தேட வேண்டும். தண்டு சக்கரத்தைவிட மூன்றரை மடங்கு வேகமாகச் சுழல்வதால் அதன் அதிர்வு நுண்ணியதாகவும், சக்கரத்தின் அதிர்வு மெதுவாகவும் இருக்கும். முதல் முயற்சியாகத் தண்டை விளிம்புத் தட்டில் 180 பாகை திருப்பிப் பொருத்திப் பார்ப்பது வழக்கம். அதுவும் பயன் தராவிடில் கோணங்களை மீண்டும் அளக்க வேண்டும்.

முன் மூட்டு முறிந்தால் தண்டு தரையில் குத்திக் காரையே தூக்கிவிடக்கூடும் என்பதால், அமெரிக்காவின் தேசிய ஹாட் ராட் சங்கம் வேகமான பந்தயக் கார்களில் முன் மூட்டிலிருந்து 6 அங்குலத்துக்குள் எஃகு வளையம் ஒன்றைக் கட்டாயமாக்கியுள்ளது. கழற்றி மாட்டும் திறன் மட்டும் இவ்வேலைக்குப் போதாது. கோணமானியையும் டார்க் ரெஞ்ச்சையும் முறையாகக் கையாள அறிந்தவர் இதனை வீட்டிலேயே செய்துகொள்ளலாம், அறியாதவர் தேர்ந்த பட்டறையிடம் ஒப்படைப்பதே தக்கது.