மருத்துவச்சி

தமிழன், தமிழச்சி; வேட்டுவன், வேட்டுவச்சி. அதே கணக்கில் மருத்துவனுக்குப் பெண்பால் மருத்துவச்சி. இலக்கணத்தில் இருவரும் சமம், வழக்கில் இல்லை. தாமோதரனார் என்ற சங்கப் புலவர் ‘மருத்துவன்’ என்ற அடைமொழியோடு புறநானூற்றில் இருக்கிறார். இன்றும் கண், பல், எலும்பு எதைப் பார்த்தாலும் மருத்துவர்தான். மருத்துவச்சிக்கு மட்டும் பிள்ளைப்பேறு ஒன்றே மிஞ்சியது. பட்டம் பெற்ற பெண் டாக்டரை அப்படி அழைத்துப் பாருங்கள், முகம் சுளிப்பார்.

சாதிதான் காரணம் என்பேன். சவரத்தோடு ரண வைத்தியமும் பார்த்த நாவிதருக்கு மருத்துவர் என்றும் பெயருண்டு. தமிழக அரசின் சாதிப் பட்டியலில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. அந்த வீட்டுப் பெண்களே பல ஊர்களில் பேறு பார்த்தார்கள். ஆண்பால் சொல் சாதியை உதறிவிட்டுப் பட்டணம் போனது. பெண்பால் ஊரிலேயே நின்றது.

இடுப்புவலி கண்டதும் மருத்துவச்சியைக் கூட்டிவர ஆள் போகும். விளக்கெண்ணெய் தடவிய கையால் வயிற்றை நீவி, தலை எந்தப் பக்கம் என்று பார்ப்பாள். உத்தரத்துக் கயிற்றைப் பிடித்து முக்கச் சொல்வாள். பிள்ளை வந்தாலும் வேலை முடியாது, ‘நஞ்சு விழுந்துச்சா?’ என்பதே அடுத்த கவலை. விழுந்த நஞ்சுக்கொடியை விரித்து, துணுக்கு ஏதும் உள்ளே தங்கிவிட்டதா என்று பார்ப்பாள். தங்கினால் உதிரம் நிற்காது. கூலி நெல்லும் சேலையும். அந்தக் கையைத் தீட்டென்று ஒதுக்கியதும் அதே வீடுகள்தான்.

திருச்சி மலைக்கோட்டைக் கதையைப் பாருங்கள். காவிரி வெள்ளத்தில் தாய் அக்கரையில் நின்றுவிட, அவள் உருவில் சிவனே வந்து இரத்தினாவதிக்குப் பேறு பார்த்தார். பார்த்தது மருத்துவச்சி வேலை. கிடைத்த பெயரோ தாயுமானவர்!

1844-இல் சென்னையில் பிரசவ ஆஸ்பத்திரி வந்தது. இன்றைய எழும்பூர் மருத்துவமனை அதுதான். 1926-இல் செவிலியர், பேறுகாலத் தாதியர் சட்டம். ‘தாதி’, ‘நர்ஸம்மா’ என்ற சொற்கள் பரவின. பழையதெல்லாம் பொன் என்றும் சொல்லமாட்டேன்: அழுக்கு அரிவாளால் கொடி அறுத்து ஜன்னி கண்ட பிள்ளைகள் உண்டு. புது பிளேடும் நூலும் கொடுத்து அரசு பயிற்சி தந்தது அதனால்தான். 2019–21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனையில்.

இலங்கையில் சொல்லுக்கு வேறு விதி. அங்கே ‘மருத்துவ மாது’ அரசாங்க உத்தியோகம். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பதிவதும் அவர் பொறுப்பு.