மைசூர் ராஸ்பெரி

மைசூர் ராஸ்பெரி (ரூபஸ் நிவியஸ்) ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த முட்புதர். இந்தியா, இலங்கை, தென்சீனா, தென்கிழக்கு ஆசியா ஆகியவற்றின் மலைப்பகுதிகளில் இயல்பாக வளர்கிறது. நீலகிரியில் சோலை ஓரங்களிலும் சாலைச் சரிவுகளிலும் பார்க்கலாம். குளிர்நாட்டு ராஸ்பெரிக்குக் கடுங்குளிர் தேவை, இதற்குத் தேவையில்லை. அதனால்தான் தெற்கு ஃபுளோரிடாவிலும் பழத்துக்காக வளர்க்கிறார்கள்.

இதை அடையாளம் காணும்போது பழத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. செடியிலிருந்து தொடங்க வேண்டும். தண்டில் வெண்சாம்பல் பூச்சு படிந்திருக்கும், தேய்த்தால் போய்விடும். முட்கள் கொக்கிபோல் வளைந்தவை. கூட்டிலையில் பெரும்பாலும் 5 முதல் 9 வரை சிற்றிலைகள் இருக்கும். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெண்மயிர் அடர்ந்திருக்கும். பூ இளஞ்சிவப்பு. பழம் பச்சையிலிருந்து சிவந்து, கடைசியில் கருஊதாவாகும். சிறுமணிகள் ஒட்டிச் சேர்ந்த திரள்கனி இது. பறித்ததும் பழத்தின் வெண்ணிற நடுத்தண்டு செடியிலேயே நின்றுவிட, பழம் உள்ளே குழிவாகக் கையில் வரும்.

மஞ்சள் பழமும் மூன்று சிற்றிலைகளும் செம்மயிர் மூடிய தண்டும் இருந்தால் அது ரூபஸ் எலிப்டிகஸ். அதுவும் உண்ணத்தக்கதே, சுவையிலும் குறைந்ததில்லை.

குழப்பம் வருவது உண்ணிச்செடியால். அதுவும் இதே இடங்களில் முள்ளோடு நிற்கும், கரிய பழங்களைக் கொத்தாகத் தாங்கும். ஆனால் அதன் தனி இலைகள் எதிரெதிராக அமைந்தவை. கசக்கினால் நெடி வீசும். பழங்கள் வழவழப்பான தனித்தனி உருண்டைகள், உள்ளே குழிவு கிடையாது. அதன் பச்சைக்காய் நஞ்சு. குழந்தைகளைப் பழத்தின் பக்கமும் விடாமலிருப்பதே நல்லது.

ராஸ்பெரி சிவந்ததும் பறித்தால் புளிக்கும். நன்கு கறுத்த பழம் தொட்டதும் கழன்றுவிடும். இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் பழுக்கவில்லை. குழிவுக்குள் எறும்போ புழுவோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உண்ணும் முன் கழுவ வேண்டும். முன்கூட்டிக் கழுவி வைத்தால் விரைவில் பூஞ்சை பிடிக்கும். முதல் முறை உண்பவர் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். மீந்தால் ஜாம் காய்ச்சலாம்.

தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் பறிப்பதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. அங்கே தெளிக்கப்பட்ட களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் கண்ணுக்குத் தெரியாது. செடியைச் சரியாக அடையாளம் கண்டாலும் அவற்றிலிருந்து தப்ப முடியாது. போக்குவரத்து மிகுந்த சாலையோரமும் வேண்டாம். காப்புக்காட்டில் பறிக்க வனத்துறையின் அனுமதி வேண்டும்.

பறவைகள் விதையைப் பரப்புவதால் இச்செடி வேற்றிடங்களில் களையாகிறது. கலாபகஸ் தீவுகளில் மைசூர் ராஸ்பெரி அடர்ந்து மண்டி, அங்கு மட்டுமே வளரும் ஸ்கலேசியா மரக்காடுகளை நெருக்குகிறது.