சுவரில் ஒரு பலகை, திரையில் ஒரு பலகை

பலர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்கிறார்கள். அதில் எது முடிந்தது, எது தேங்கிக் கிடக்கிறது என்பதை எல்லோரும் ஒரே சமயத்தில் அறிவது எப்படி? இக்கேள்விக்கு விடை தேடிய வரலாறு ஜப்பானில் தொடங்கி, நம் ஐதராபாத்தையும் தொட்டுச் செல்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், டொயோட்டா மோட்டார் நிறுவனப் பொறியாளர் தாயிச்சி ஓனோ ஒரு முறையை உருவாக்கினார். அமெரிக்கப் பேரங்காடிகளில், விற்ற அளவுக்கே சரக்கு மீண்டும் அடுக்கப்படும். அதுவே அவருக்கு முன்மாதிரி. உதிரிபாகப் பெட்டியுடன் ஓர் அட்டை செல்லும். பாகம் பயன்பட்டதும் அட்டை முந்தைய பிரிவுக்குத் திரும்பும். அட்டை வந்த பிறகே அங்கு புதிய பாகம் செய்வார்கள். இதற்குக் 'கான்பான்' என்று பெயர். அறிவிப்புப் பலகை என்பது அதன் பொருள்.

இரும்புப் பாகங்கள் குவிந்தால் கண்ணுக்குத் தெரியும். முடியாத மென்பொருள் வேலை குவிந்தால் தெரியுமா? தெரியாது. 2004-ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பராமரிப்புக் குழு ஒன்று இச்சிக்கலில் மாட்டியிருந்தது. குழுவினர் ஐதராபாத்தில், மேலாளர் திராகோஸ் துமித்ரியு அமெரிக்காவில். ஒரு கோரிக்கை நிறைவேறச் சுமார் ஐந்து மாதங்கள் ஆயின. டேவிட் ஆண்டர்சன் என்பவரின் யோசனைப்படி, கையிலெடுக்கும் வேலைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தார்கள். நேரத்தை விழுங்கிய முன்மதிப்பீடுகளையும் கைவிட்டார்கள். ஓராண்டுக்குள் ஐந்து மாதம் சுமார் இரண்டு வாரமாகக் குறைந்தது! அங்கே சுவர்ப்பலகை இல்லை. கணிப்பொறிப் பதிவே பலகையாயிற்று.

வரம்பு விதித்தால் வேகம் கூடுவதேன்? ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி இதை விளக்குகிறது. கையிலுள்ள வேலைகளின் எண்ணிக்கையை, நாள்தோறும் முடியும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலைக்கு ஆகும் சராசரி நாட்கள் கிடைக்கும். 20 வேலைகள் கையிலிருந்து, நாளுக்கு 2 முடிந்தால் 10 நாட்கள். அதே வேகத்தில் கையிருப்பை 8 ஆக்கினால் 4 நாட்களே!

பின்னர் ஆண்டர்சன், சியாட்டில் நகரில் அப்போது இயங்கிய கோர்பிஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே 2007-இல் வெள்ளைப் பலகை ஒன்று சுவரேறியது. ஒட்டுத்தாள் ஒவ்வொன்றிலும் ஒரு பதிவெண் இருந்தது. கணிப்பொறியிலும் அதே எண். காலையில் எல்லோரும் பலகையின் முன் நின்று பேசினார்கள். இங்கேதான் இரண்டு பலகைகளும் கைகோத்தன.

ஏன் இரண்டும் வேண்டும்? சுவர்ப்பலகையை யாரும் திறக்க வேண்டியதில்லை. நடந்து செல்பவர் கண்ணிலும் படும். இடம் நிரம்பிவிட்டால் அடுத்த தாளை ஒட்ட முடியாதபடி வரம்பை அதுவே காட்டும். ஆனால் தொலைவில் உள்ளவருக்கு அது தெரியாது; எந்த வேலை எத்தனை நாள் நின்றது என்ற கணக்கும் அதில் தங்காது. அந்தக் குறையைத் திரை நிரப்புகிறது. 2020-இல் ஊரடங்கு வந்தபோது, அலுவலகச் சுவர்கள் பார்ப்பாரின்றிக் கிடக்க, திரைப்பலகைகளே வேலையைத் தாங்கின.

ஓர் ஆபத்தும் உண்டு. சுவர் 'முடிந்தது' என்றும் திரை 'முடியவில்லை' என்றும் சொன்னால் எதை நம்புவது? ஒருவர் முடித்த வேலையை மற்றவர் மீண்டும் தொடங்குவார். முடியாத வேலை வாடிக்கையாளரிடம் போய்ச் சேரும். ஆகவே எது மூலப்பதிவு, எது அதன் பார்வைப் படி என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். தவளக்குப்பத்தில் நான்கு மாணவர்கள் அறிவியல் கண்காட்சிக்கு ஒரு மாதிரி செய்வதாகக் கொள்வோம். வகுப்புக் கரும்பலகையில் 'செய்ய வேண்டியவை, செய்பவை, முடிந்தவை' என மூன்று பத்திகள் வரையுங்கள். நடுப் பத்தியில் மூன்று வேலைகளுக்கு மேல் எழுதாதீர்கள். கடலூரிலுள்ள நண்பருக்காக அதே பட்டியலைக் கைப்பேசியிலும் வைத்திருங்கள். பலகையில் ஒரு வேலை நகர்ந்தால், நகர்த்தியவரே அப்போதே கைப்பேசியிலும் மாற்ற வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் தளர்த்தாதீர்கள்.