கொல்லிமலை ஏறாத துணைச் சேனல்

போன மாதம் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிச் செம்மேட்டுக்குப் போயிருந்தேன். வழியெல்லாம் என் கண் வீட்டுக் கூரைகள் மேலேயே இருந்தது. கூரைக்குக் கூரை டிஷ், அண்ணாந்து வானத்தைப் பார்த்தபடி. டீக்கடையில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "அப்பல்லாம் மூங்கில்ல ஆன்டெனாவக் கட்டித் திருப்பிக்கிட்டே கெடப்போம். புள்ளி புள்ளியாத்தான் தெரியும். அதுலயும் பாதி இந்தி" என்றார்.

அந்தப் 'பாதி இந்தி'யைத்தான் இங்கே கொஞ்சம் கிண்டிப் பார்க்கிறேன்.

அமெரிக்காவில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு டிவி நிலையம் இருக்கும். எந்தப் பெரிய நெட்வொர்க்கோடு சேர்வது என்று அது ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். 2009 ஜூன் 12-இல் அங்கே பெரிய நிலையங்கள் அனலாகை நிறுத்திவிட்டு முழுக்க டிஜிட்டலுக்கு மாறின. டிஜிட்டலில் ஒரே அலைவரிசைக்குள் நாலைந்து சேனல்களை அடைக்கலாம். பிரதான சேனல் ஒரு நெட்வொர்க்குக்கு, துணைச் சேனல் இன்னொன்றுக்கு என்று நிலையங்கள் பிரித்துக் கொடுத்தன.

நம்ம ஊரில் அந்த வசதியும் கிடையாது, விருப்பத் தேர்வும் கிடையாது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. 1982 ஆகஸ்ட் 15 முதல் டெல்லியின் தேசிய ஒளிபரப்பு செயற்கைக்கோள் வழியாக வந்தது. 1984-இன் பிற்பகுதியில் கிட்டத்தட்ட நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் நாடெங்கும் சிறிய ஒளிபரப்பிகளை நட்டார்கள். பெரும்பாலும் 100 வாட் சக்தி. இருபது கிலோமீட்டர் எட்டினால் அதிகம். செயற்கைக்கோளில் வருவதை வாங்கி அப்படியே விடுவதுதான் அவற்றின் வேலை. வந்ததோ டெல்லி. தமிழ் நிகழ்ச்சி ஓடும் கோபுரத்திலும் இரவு எட்டரை மணி சுமாருக்கு டெல்லி உள்ளே வந்துவிடும். அனலாகில் ஒரு அலைவரிசைக்கு ஒரு சேனல்தான். இந்தி வேண்டுமென்றால் தமிழை நிறுத்த வேண்டும். இன்னொரு சேனல் வேண்டுமென்றால் இன்னொரு ஒளிபரப்பி வேண்டும். சென்னைக்கு அது கிடைத்தது. 1993-இல் நான்கு பெருநகரங்களின் இரண்டாவது சேனல்களை இணைத்துத்தான் மெட்ரோ சேனல் வந்தது. மலைக்கு யார் இரண்டாவது ஒளிபரப்பி வைப்பார்கள்?

கோபுரத்து அலை ஏறக்குறைய நேர்கோட்டில், படுக்கையாக வரும். குறுக்கே ஒரு முகடு நின்றால் அதற்குப் பின்னால் இருக்கிற பள்ளத்து ஊருக்கு நிழல்தான் மிச்சம். கொல்லிமலை முழுக்க முகடும் பள்ளமும்.

துணைச் சேனல் தொழில்நுட்பம் இங்கே வராமல் இல்லை. 2016 பிப்ரவரியில் சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் தூர்தர்ஷன் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கியது. நேஷனல், நியூஸ், பாரதி, ஸ்போர்ட்ஸ் இவற்றோடு இன்னொன்றும் சேர்த்து, ஒரே அலைவரிசையில் ஐந்து சேனல்கள். தமிழை நிறுத்தாமலே இந்தியைக் காட்டியிருக்கலாம். முப்பது வருஷம் முன்னால் வந்திருக்க வேண்டிய சாதனம், கேபிளும் டிஷ்ஷும் வீடுவீடாக நுழைந்த பிறகு வந்தது. சென்னையிலேயே அதை எத்தனை பேர் கவனித்தார்களோ! 2022 வாக்கில் நாட்டின் பழைய அனலாக் ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டார்கள்.

மலைக்காரர்களுக்கு வழி மேலிருந்துதான் வந்தது. 2004 டிசம்பரில் தொடங்கிய தூர்தர்ஷனின் இலவச டிஷ், இன்றைய ஃப்ரீ டிஷ், 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. கொல்லிமலையிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், தலைக்கு மேலே போகும் வழியில் முக்கால் தூரம் உயரத்தில் இருக்கும். எந்த முகடும் அவ்வளவு உயரத்துக்கு மறைக்காது. மாதக் கட்டணமும் இல்லை.

"அப்ப நீங்க ஃப்ரீ டிஷ்தானே?" என்று கேட்டேன். பெரியவர் சிரித்தார். "அதுல தனியார் சேனலப் போட்டா முக்காவாசி இந்திங்க. மாசாமாசம் காசு கட்டித்தான் தமிழ் பாக்குறோம்."