ஜால்ராவும் ஹை-ஹாட்டும்: எவ்வளவு இறுக்கலாம்?

நம் ஊரில் ஒருத்தரைக் கேலி செய்ய வேண்டுமென்றால் 'ஜால்ரா' என்று சொன்னால் போதும். மேலதிகாரி எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற ஆள் என்று அர்த்தம். பேங்க் உத்தியோகத்தில் இருக்கிற எனக்கு இந்த வார்த்தை ரொம்பப் பழக்கம் :-) ஆனால் ஒரு வில்லுப்பாட்டை முழுசாக உட்கார்ந்து கேட்டவர்களுக்கு உண்மை தெரியும். ஜால்ராக்காரர் யாருக்கும் தலையாட்டுவதில்லை. அவர் கைக்குத்தான் மற்றவர்கள் கட்டுப்பட வேண்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. இங்கே நம் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் பலர் டிரம்ஸ் கற்றுக்கொள்கிறார்கள். பெடலை மிதித்தால் இரண்டு தட்டுகள் ஒன்றோடொன்று மூடிக்கொள்ளுமே, அதுதான் ஹை-ஹாட். அதை எவ்வளவு இறுக்கி வைப்பது என்பது பிள்ளைகளுக்கு வரும் முதல் சந்தேகங்களில் ஒன்று. இது மேல்நாட்டு சமாச்சாரம், நமக்கென்ன தெரியும் என்று அப்பா அம்மா ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டியதே இல்லை. இது நம்முடைய பழைய கேள்விதான்.

எங்கள் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகி, அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் கேட்டுப் போராடினார்கள். அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. களியக்காவிளை இந்தப் பக்கம், பாறசாலை அந்தப் பக்கம். ஆனால் கோடு போட்டவர்களால் பாட்டைப் பிரிக்க முடியவில்லை. நாம் வில்லுப்பாட்டு என்பதை அவர்கள் வில்லடிச்சான் பாட்டு என்கிறார்கள். கதைகளும் தெய்வங்களும் பெரும்பாலும் ஒன்றுதான். நெய்யாற்றின்கரை அருகே திருப்புறத்தில் 1847-ல் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார், தமிழ்க் கிறிஸ்தவப் பாடல்களை மலையாளத்துக்குக் கொண்டுபோனவர். கோயிலோ சர்ச்சோ, பஜனை என்றால் கைத்தாளம் உண்டு.

இனி அந்தக் கைத்தாளத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டு வெண்கலத் தட்டுகள், நடுவில் ஓட்டை, ஓட்டையில் ஒரு கயிறு. கயிற்றைத் தட்டின் குமிழ் ஓரமாக ஒட்டிப் பிடித்தால் தட்டு கையின் பிடிக்குள் நிற்கும். கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் தாராளமாக ஆடும், நாதம் நீளும். விரல் தட்டில் பட்டால் நாதம் செத்துப்போகும். அடித்தவுடன் இரண்டையும் சேர்த்து அமுக்கினால் 'டிக்', விலக்கினால் 'ஜீங்ங்'. சிங்காரி மேளத்தில் செண்டையோடு வருகிற இலத்தாளம் இதைவிடக் கனம், ஆனால் சூத்திரம் ஒன்றே.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இரண்டு தட்டையும் நேருக்கு நேராக, விளிம்போடு விளிம்பு பொருந்த அடித்தால் நடுவில் காற்று மாட்டிக்கொண்டு 'தொப்' என்று கேட்கும். அதனால் கை தெரிந்தவர் சற்று விலக்கி, விளிம்பு சரிந்து படும்படிதான் அடிப்பார்.

சரி, இந்தக் கைவேலை எப்படிக் காலுக்குப் போனது? காமர்ஸ் படித்தவன் பார்வையில் இது ஆட்குறைப்புக் கதை. அமெரிக்க பாண்டு கோஷ்டியில் பெரிய டிரம்முக்கு ஒருவர், சின்ன டிரம்முக்கு ஒருவர், சிம்பலுக்கு ஒருவர் என்று தனித்தனி ஆள் இருந்தார்கள். தியேட்டரில் இடமும் குறைவு, சம்பளப் பணமும் குறைவு. 1909-ல் வில்லியம் லுட்விக் பெரிய டிரம்முக்கு நல்ல பெடல் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த வேலை வலது காலுக்குப் போனது. 1920-களில் இரண்டு சிறு சிம்பல்களைத் தரையோடு ஒட்டிய பெடலில் மாட்டி இடது காலுக்கும் வேலை கொடுத்தார்கள். பிறகு அந்தக் கம்பியை இடுப்பளவு உயர்த்தினார்கள். காலால் மூடித் திறப்பதோடு குச்சியாலும் அடிக்கலாம் என்றாயிற்று. அதுதான் ஹை-ஹாட். 1930-களில் கவுண்ட் பேஸி குழுவின் ஜோ ஜோன்ஸ், பாட்டின் கால அளவையே பெரிய டிரம்மிலிருந்து ஹை-ஹாட்டுக்கு மாற்றிக் காட்டினார். ஜால்ரா மறுபடி தன் பதவிக்கு வந்துவிட்டது!

உலோகமும் அந்நியமில்லை. துருக்கியில் சிம்பல் செய்துவந்த ஆர்மீனியக் குடும்பமான ஜில்ஜியன், 1929-ல் அமெரிக்காவில் உற்பத்தியைத் தொடங்கியது. அவர்களுடைய கலவை சுமார் 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம். வெள்ளீயம் கூடிய இதே வகை வெண்கலத்தில் செய்த பாத்திரங்கள் நம் ஆதிச்சநல்லூர்ப் புதைகுழிகளில் கிடைத்திருக்கின்றன.

இப்போது கேள்விக்கு வருவோம். கை போன இடத்தில் நட்டும் ஸ்பிரிங்கும் வந்திருக்கின்றன. கயிற்றுப் பிடி செய்த வேலையை கிளட்ச் செய்கிறது. மேல்தட்டு இரண்டு ஃபெல்ட் துண்டுகளுக்கு நடுவே தொங்கும். நட்டை முறுக்கி முறுக்கி இறுக்கினால் தட்டு அசையாது, நாதம் அடைபடும். விரல் பட்ட ஜால்ரா மாதிரி. ரொம்பத் தளர்த்தினால் கடகடக்கும், கால் சொல்வதையும் கேட்காது. கையால் தொட்டால் தட்டு லேசாக ஆட வேண்டும், அந்த அளவு போதும். கீழ்நட்டுகளை மட்டும் கழலாதபடி நன்றாக இறுக்கிவிடுங்கள்.

காலை எடுத்த நிலையில் இரண்டு தட்டுக்கும் இடைவெளி ஓர் அங்குலம், அல்லது கொஞ்சம் குறைவாக வைத்து ஆரம்பிக்கலாம். அதிகமானால் கால் வந்து சேர நேரமாகும், தாளம் பிந்தும். மிகக் குறைந்தால் 'ஜீங்ங்' வராது. கீழ்த்தட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருகித் தட்டைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். நேராக மூடினால் காற்று மாட்டுமே, அந்தப் பழைய 'தொப்' இங்கேயும் உண்டு. 1960-களில் சுவிட்சர்லாந்தின் பைஸ்டி கம்பெனி இதற்காகவே கீழ்த்தட்டின் விளிம்பை அலை அலையாக வளைத்தது. வில்லுப்பாட்டுக்காரர் மணிக்கட்டைச் சாய்த்துத் தீர்த்த பிரச்சினை அது.

ஆனால் எவ்வளவு நுணுக்கமாக முறுக்கினாலும் நட்டு ஓர் இறுக்கத்தைத்தான் தரும். கை ஒவ்வொரு அடிக்கும் ஓர் இறுக்கம் தரும். புலவர் கதை சொல்லும்போது ஜால்ரா அடங்கும், சாமி வரும் கட்டத்தில் திறந்து அலறும். அந்தத் தீர்மானத்தை ஹை-ஹாட்டில் இடது பாதம் எடுக்க வேண்டும். ஆகவே நட்டை இறுக்குவதன் நோக்கம் சத்தத்தை முடிவு செய்வதல்ல, முடிவு செய்யும் சுதந்திரத்தைக் காலுக்கு விட்டுவைப்பது. பேங்க் மேனேஜருக்கும் கிளைக்கும்கூட இது பொருந்தும் என்று தோன்றுகிறது!

இங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து எலக்ட்ரானிக் டிரம்ஸ்தான் வாங்குகிறோம். தப்பில்லை. அதில் பல மாடல்களில் ஹை-ஹாட் ஒரே ஒரு ரப்பர் பேடு. இரண்டு தட்டுக்கு நடுவிலுள்ள காற்றைப் பிள்ளை தொட்டே பார்ப்பதில்லை. அதனால் ஒரு யோசனை. அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது நாகர்கோவிலிலோ நெய்யாற்றின்கரையிலோ ஒரு ஜோடி ஜால்ரா வாங்கி வாருங்கள். பெரிய விலை இல்லை, பெட்டியில் இடமும் அடைக்காது. முதலில் அதைப் பிள்ளையின் கையில் கொடுத்து, ஒரு பாட்டு முழுக்க மூடியும் திறந்தும் அடிக்கச் சொல்லுங்கள். கைக்குப் பிடிபட்டுவிட்டால் கால் தானாகக் கற்றுக்கொள்ளும்.