பொச்சாப்பு: ஒரு சொல்லின் பொருள் வரலாறு

கடமையில் தவறுதலைக் குறிக்க இன்றைய தமிழில் அலட்சியம், அசட்டை, புறக்கணிப்பு, கவனக்குறைவு, அஜாக்கிரதை எனச் சொற்கள் பல உள. திருக்குறளின் 54ஆம் அதிகாரத்திற்குப் பெயர் தந்த பொச்சாப்பு அவற்றுள் இல்லை. வழக்கொழிந்த அச்சொல்லைப் பரிமேலழகர் மறவி என்று விளக்கினார். பிற்கால உரைகள் மறதி என்றன. ஜி. யு. போப் 1886இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பிலும் அதிகாரத் தலைப்பு 'மறவாமை' என்னும் பொருளிலேயே ஆங்கிலமாயிற்று. மறதி என்பது குற்றத்தைப் பெரிதும் தணித்துவிடும் சொல். வள்ளுவர் கடிந்தது அதனைத்தானா என்பது ஆராயத்தக்கது.

மறதி என்னும் பொருளுக்கு நூலிலேயே சான்று உண்டு. 199ஆம் குறளில் வரும் 'பொச்சாந்தும்' என்பது 'மறந்தும்' என்பதற்கு மேல் ஒன்றும் உணர்த்தவில்லை. 139ஆம் குறளின் 'வழுக்கியும்' என்பதோடு அதனை ஒப்பிடலாம். 54ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளும் உள்ளுதலைப் பற்றியதே. ஆயினும் அவ்வதிகாரம் தொடங்கும் இடம் வேறு. அளவிறந்த சினத்தினும் தீயது என முதற் குறள் சுட்டுவது, மிக்க உவகையால் விளையும் சோர்வை. ஒன்பதாம் குறளும் மகிழ்ச்சியால் செருக்குறும் வேளையையே எச்சரிக்கிறது. மகிழ்தல் என்னும் வினை கள்ளோடு தொடர்புடையது என்பதை 1281ஆம் குறள் காட்டும். எனவே இங்குக் கூறப்படுவது நினைவின் குறையன்று. வென்றவனும் செல்வனும் தன் களிப்பில் மயங்கிக் காவலைக் கைவிடும் நிலை. பரிமேலழகரும் அதிகார முன்னுரையில் இக்களிப்பையே காரணமாகக் கொண்டார். ஆனால் பின்வந்தோர் கைக்கொண்டது அவர் தந்த ஒரு சொற்பொருளை மட்டுமே.

அதிகாரத்தில் உடன்வரும் சொற்களும் இன்று மொழிபெயர்ப்பாளரை ஏமாற்றக்கூடியவை. சோர்வு உடற்களைப்பன்று, இகழ்ச்சி பிறரைப் பழித்தலன்று. இரண்டும் செய்ய வேண்டியதில் நெகிழ்தலையே குறிக்கின்றன.

இக்கருத்து தமிழுக்கு மட்டும் உரியதன்று. வடமொழிப் 'பிரமாத', பாலியின் 'பமாத' என்பனவும் களித்தல், மயங்குதல் எனப் பொருள்படும் 'மத்' என்னும் வேரிலிருந்து பிறந்தவை. தம்மபதத்தின் இரண்டாம் பகுதி அப்பமாத வர்க்கம். மகாபரிநிப்பான சுத்தம் கூறும் புத்தரின் இறுதி அறிவுரையும் அப்பமாதம் பற்றியதே. இந்தியில் இச்சொல் இன்றும் கடமையில் அசட்டையைக் குறிக்கிறது. மலையாளத்தில் 'பிரமாதமான கேஸ்' என்றால் பரபரப்பான வழக்கு. தமிழிலோ பிரமாதம் முதலில் தவற்றையும் அசட்டையையும் குறித்து, பின் அளவுமிகுதியை உணர்த்தி, இன்று பாராட்டுச் சொல்லாகிவிட்டது. கச்சேரி பிரமாதம் என்பவர் பாடகரின் கடமைத் தவற்றைச் சொல்லவில்லை! ஒருபுறம் பொச்சாப்பு மறைந்தது. மறுபுறம் பிரமாதம் பொருள் மாறியது. களிப்பால் வந்த கடமைத் தவற்றைச் சுட்டும் தனிச்சொல் இல்லாது போயிற்று.

எஞ்சிய சொற்களின் பிறப்பு வேறுவகையானது. அஜாக்கிரதை என்பது விழிப்பின்மை. கவனக்குறைவு பெயரளவிலேயே விளங்கும். அலட்சியம் மட்டும் 'தெரிந்தும் பொருட்படுத்தாமை' என்னும் குறிப்பு உடையது. இவ்வேறுபாடு சட்டத் தமிழில் பெரிதாகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, துடுக்கான அல்லது கவனக்குறைவான செயலால் நேரும் மரணத்தைப் பற்றியது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1870இல் சேர்க்கப்பட்ட 304-அ பிரிவே அதன் முன்னோடி. மரணம் நேரக்கூடும் என அறிந்தே செய்த செயல் இதனின் வேறானது. அதற்குத் தண்டனையும் மிகுதி. காவல்துறை அறிக்கைகளில் பழகிய 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்னும் தொடர், நடை எவ்வாறாயினும், இந்த எல்லையைக் காக்கிறது. அவ்விடத்தில் 'அலட்சியமாக' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர், மூலத்தில் இல்லாத அறிவை ஓட்டுநர்மேல் ஏற்றிவிடுகிறார்.

பொச்சாப்பை இங்கு மீட்டெடுப்பதும் பொருந்தாது; தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டியவனிடம் களிப்பு இல்லை. குறளை வேற்றுமொழிக்குப் பெயர்ப்போர்க்கு நிலைமை நேர்மாறானது. 199ஆம் குறளில் மறதி போதும். 531 முதல் மயக்கத்தையும் செருக்கையும் உணர்த்தும் சொல்லே வேண்டும். ஒரே சொல்லை இரண்டிடத்தும் ஆள்வது சீராகத் தோன்றினும் மூலத்தோடு ஒட்டாது.